நாகர்கோவில் வானொலியும் நமது கைபேசியும்

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் எங்கே தொடங்கப்பட்டது? ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். டெல்லி என்பார்கள், சென்னை என்பார்கள், மும்பை என்பார்கள். நாகர்கோவில் என்று சொல்லும் பிள்ளைகள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். 1984ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் அகில இந்திய வானொலி, ஒரு மாவட்டத்துக்கென்றே ஒரு நிலையம் என்ற புதிய முயற்சியை நம் மண்ணில்தான் தொடங்கியது. மறுநாள் பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டையே உலுக்கிய அந்தச் செய்தியின் நிழலில் இந்தச் சிறு செய்தி மறைந்துபோனது.

அதுவரை நமக்கு வானொலி என்றால் மூன்று ஊர்கள். திருவனந்தபுரம் பெரும்பாலும் மலையாளத்தில் பேசியது. 1963இல் தொடங்கிய திருநெல்வேலி நிலையம் தென்மாவட்டங்கள் பலவற்றுக்கும் சேர்த்துப் பேசியது. இலங்கை வானொலியோ பாட்டுகளாலும் அறிவிப்பாளர்களின் இனிய தமிழாலும் நம்மைக் கட்டிப் போட்டது. ஆனால் தேங்காய்ப்பட்டணமும் தோவாளையும் குலசேகரமும் கோட்டாறும் இந்த மூன்றுக்குமே தூரத்து ஊர்கள்தான். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நான்கு நிலங்களும் ஒரு சிறு மாவட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கும் நம் ஊருக்கு, நம் மக்களே பேசும் ஒரு வானொலி 1984இல்தான் வாய்த்தது. நகரத்து நிபுணர் பேசி கிராமத்தார் கேட்பது என்ற பழைய முறையை மாற்றி, ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமத்துக்குப் போய் மக்களைப் பேச வைப்பதுதான் உள்ளூர் வானொலியின் அடிப்படை எண்ணம். ஏழாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1985-1990) இந்த எண்ணம் நாட்டின் பல மாவட்டங்களுக்கும் பரவியது.

இந்தப் பழைய கதையை இப்போது எடுக்கக் காரணம் இருக்கிறது. பங்குப்பேரவைக் கூட்டமானாலும் பெற்றோர் கூட்டமானாலும் அன்பியக் கூட்டமானாலும், சுற்றிச் சுற்றி ஒரே குறைதான் பேசப்படுகிறது. “பையன் செல்போனை விட்டு இறங்கமாட்டேன் என்கிறான். பிள்ளை ராத்திரி ஒரு மணி வரை தூங்குவதில்லை. சாப்பிடும்போதும் கையில் போன்.” கொஞ்சம் உற்றுப் பார்த்தால், குறை சொல்லும் பெரியவர்களின் கையிலும் அதே போன் இருக்கிறது! கூட்டம் முடிவதற்குள் இரண்டு தடவை அதை எடுத்துப் பார்த்து விடுகிறார்கள்.

முடிவில்லாத திரை

2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தன் சேவையைத் தொடங்கியபோது இணையத்தின் விலை சரிந்தது. மாதம் ஒரு ஜி.பி.யை எண்ணி எண்ணிச் செலவழித்த வீடுகளில், நாளொன்றுக்கு ஒரு ஜி.பி. என்பது சாதாரணமானது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. குறுங்காணொளியின் தொல்லை ஒழிந்தது என்று பலர் பெருமூச்சு விட்டனர். ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸ் வசதியை இந்தியாவில் இறக்கியது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகிலேயே முதலில் இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. ஊரடங்கால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலம் அது. பாடம் படிக்க என்று சொல்லிப் பிள்ளைகள் கையில் நாமே செல்போனை வாங்கிக் கொடுத்த காலமும் அதுவே.

அந்தப் போன் படிப்புக்குத்தான் பயன்படுகிறதா? 2024ஆம் ஆண்டின் ‘அசர்’ கல்வி ஆய்வு இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களிடம் இதைக் கேட்டது. நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. அதற்கு முந்தைய வாரத்தில் படிப்பு தொடர்பாக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகங்களுக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவு பெற்று, தமிழகத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் நம்முடையது. அந்தப் பெருமையைக் காப்பாற்ற வேண்டிய தலைமுறையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகளுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் எதிரே நிற்பது யார் என்பதையும் பார்க்க வேண்டும். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கதைப்புத்தகத்துக்கு ‘முற்றும்’ உண்டு. திரைப்படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்து விளக்கு எரியும். வானொலியிலும் காலை, நண்பகல், மாலை என்று ஒலிபரப்பு பிரிந்திருந்தது. இத்துடன் இந்த ஒலிபரப்பு நிறைவடைகிறது என்று அறிவிப்பாளர் சொன்னதும் நாம் எழுந்து வேறு வேலை பார்க்கப் போனோம். செல்போன் திரையில் அந்த அறிவிப்பைச் சொல்ல ஆள் இல்லை. விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் நீண்டுகொண்டே போகும் ஏற்பாட்டை 2006ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர் ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார். ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது தானே ஓடத் தொடங்குவதும் இதே வகைதான். 2017இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்கள் போட்டியாளர்களில் மனிதரின் தூக்கமும் ஒன்று என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு மகனின் அறையில் நீல வெளிச்சத்தைப் பார்க்கும் தாய்க்கு அது வேடிக்கையாகத் தெரியாது.

இந்த நிறுவனங்கள் நம்மிடம் பணம் கேட்பதில்லை, நேரத்தைக் கேட்கின்றன. அந்த நேரம்தான் விளம்பரதாரருக்கு விற்கப்படும் சரக்கு. தகவல் பெருகப் பெருக மனிதரின் கவனம் வறுமைப்படும் என்று பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971லேயே எச்சரித்தார். அவர் கண்ட உலகில் கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. இன்று அது சட்டைப் பையில் இருக்கிறது.

சட்டம் கொஞ்சம் அசையத் தொடங்கியிருக்கிறது. பணம் வைத்து விளையாடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை விளையாடக் கூடாது என்று தமிழக அரசு 2025 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதியை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் சூதாட்டத்தில் பணம் போனால் வீட்டுக்குத் தெரியும்; மாலை நேரம் முழுவதும் போனால் யாருக்குத் தெரியும்? காவல் நிலையத்தில் போய் அதற்குப் புகார் கொடுக்க முடியாது.

மணி, அச்சு, செய்தித்தாள்

நம் கடற்கரைக்கு ஊடகம் என்பது புதிய சொல்லாக இருக்கலாம், பொருள் பழையது. புனித பிரான்சிஸ் சவேரியார் கையில் மணியோடு ஊருக்குள் நடந்து, சிறுவரையும் பெரியவரையும் கூட்டி, தமிழில் செபங்களைச் சொல்லிக் கொடுத்ததைத் தம் 1544ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் கற்றதை வீட்டிலுள்ளவர்களுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றும் அவர் ஏற்பாடு செய்தார். புத்தகம் இல்லை, எழுத்து தெரிந்தவரும் மிகக் குறைவு. மணியோசை, கூட்டம், மனப்பாடம், மறுபடி சொல்லுதல் ஆகியவையே அன்றைய ஊடகம். மெதுவானதுதான். ஆனால் அந்த மெதுவான வழியில் வந்தது நானூற்று எண்பது ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது.

அதன்பின் அச்சு வந்தது. இயேசு சபைத் தந்தை ஹென்றிக் ஹென்றிக்கஸ் உருவாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. தமிழ் எழுத்துகளில் அச்சான முதல் நூல் அதுதான். மொத்தம் பதினாறே பக்கங்கள். அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் பொருளுதவி செய்தார்கள் என்பதை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மக்கள், தங்கள் பிள்ளைகள் படிக்கப்போகும் புத்தகத்துக்குக் காசு கொடுத்தார்கள். இன்று நம் வீடுகளில் இணையத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டுகிறோம். புத்தகத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது செலவிடுகிறோமா?

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1951 செப்டம்பர் 6 அன்று நாகர்கோவில்காரரான டி.வி. ராமசுப்பையர் ‘தினமலர்’ நாளிதழைத் திருவனந்தபுரத்தில் தொடங்கினார். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் வாழ்ந்த தமிழர்களுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அந்தப் போராட்ட ஆண்டுகளில் தேநீர்க் கடையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, பலர் கேட்டு விவாதித்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஒரே தாள், பத்து வாசகர், ஒரு விவாதம். எல்லைப் பிரச்சினையில் யார் பக்கம் நின்றாலும் படித்தது ஒரே செய்தியைத்தான். இன்று ஒரே வீட்டில் நால்வர் நான்கு திரைகளில் நான்கு உலகங்களைப் பார்க்கிறார்கள். தந்தை பார்ப்பது எது என்று மகளுக்குத் தெரியாது. மகள் பார்ப்பது எது என்று தந்தைக்குத் தெரியவே தெரியாது.

மணியும் அச்சும் செய்தித்தாளும் வானொலியும் நம் மண்ணுக்கு வந்தபோது ஆட்களைக் கூட்டியே வந்தன. கூடியிருந்தவர்களை ஒரே அறைக்குள்ளேயே கலைத்துவிட்ட முதல் ஊடகம் இந்தச் சிறு திரைதான். தொலைக்காட்சியைக்கூட இப்படிச் சொல்ல முடியாது. 1990களிலும் அதற்குப் பிறகும் மெகா தொடர்களைச் சாடாத மறையுரை உண்டா? மாலைச் செபத்தைத் தொலைக்காட்சி விழுங்கிவிட்டது என்று அன்று சொன்னார்கள், அது பொய்யுமில்லை. ஆனாலும் மாமியாரும் மருமகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்துதான் அந்த மாமியார் மருமகள் சண்டையைப் பார்த்தார்கள்! அடுத்த நாள் கிணற்றடியில் பேசுவதற்கு ஒரு பொதுக் கதையாவது இருந்தது.

கடலிலிருந்து வரும் அழைப்பு

சரி, செல்போனைத் தூக்கி எறிந்துவிடலாமா? நம் மாவட்டத்தில் அப்படிச் சொல்பவருக்கு நம் வீடுகளின் நிலைமை தெரியாது என்றுதான் பொருள். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆண்கள் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். மேற்குப் பகுதியிலும் நாஞ்சில் நாட்டிலும் வளைகுடாவில் வேலை பார்ப்பவர் இல்லாத தெரு குறைவு. செவிலியர்களாக வெளிநாடு சென்ற நம் பெண்கள் எத்தனை பேர்! தன் குழந்தை நடக்கத் தொடங்கியதைப் போனில்தான் ஒரு தந்தை பார்த்தார் என்றால், அந்தப் போனைப் பழிப்பதற்கு நமக்கு வாய் வராது. முன்பு ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம் ஆனது. அந்த மெதுவுக்குத் திரும்ப யாரும் ஆசைப்படவில்லை, ஆசைப்படவும் கூடாது.

ஆகவே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒரே கருவிக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று அழைப்பு, மற்றொன்று ஓடிக்கொண்டே இருக்கும் காட்சி. அழைப்பு ஒருவரை இன்னொருவரிடம் சேர்க்கிறது. அதற்குத் தொடக்கமும் உண்டு, ‘சரி, வைக்கிறேன்’ என்ற முடிவும் உண்டு. ஓடும் காட்சிக்கு இரண்டும் இல்லை. நம் வீடுகளில் நடக்கும் சோகம், இரண்டாவது முதலாவதைத் தின்பதுதான். துபாயிலிருந்து தந்தை இரவு எட்டு மணிக்கு அழைக்கிறார். “சாப்பிட்டியா மக்கா?” என்கிறார். மகன் ‘ம்’ என்கிறான். கண் வேறு திரையில். தந்தை நாலு கேள்வி கேட்டுவிட்டு, “அம்மையிட்ட குடு” என்கிறார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து வந்த குரல், அந்தக் கடைசி இரண்டடியைக் கடக்க முடியாமல் நின்றுவிடுகிறது.

2017 நவம்பர் 30 நம் கடற்கரைக்கு மறக்க முடியாத நாள். ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடல் படகுகள் பலவும் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தன. கரையில் எல்லோர் கையிலும் செல்போன் இருந்தது. கடலுக்குள் கொஞ்ச தூரம் போனதும் அது வெறும் விளக்குதான். எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசின் எண்ணிக்கையும் மக்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. அப்போது பங்குகள்தோறும் வீடு வீடாகப் போய் விசாரித்துப் பெயர்களை எழுதிச் சேர்த்த பட்டியல்களே மக்களின் கணக்காக நின்றன. மெதுவான ஊடகம் என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான். யார் சொன்னது, எங்கே விசாரித்தது, சரிதானா என்று கேட்டுவிட்டு எழுதுவது. அந்தப் பட்டியலில் ஒரு பெயரைத் தவறாகச் சேர்த்தால் ஒரு வீட்டில் ஒப்பாரி எழும் என்பது எழுதியவருக்குத் தெரியும். கைக்கு வந்ததையெல்லாம் அடுத்தவருக்குத் தள்ளிவிடும் நம் வாட்ஸ்அப் பழக்கத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பங்கின் வாட்ஸ்அப் குழுவில் இறப்புச் செய்தியும், பிறந்தநாள் கேக்கும், ‘பதினொரு பேருக்கு அனுப்பினால் புதுமை நடக்கும்’ என்ற செபமும் ஒரே நிமிடத்தில் வருகின்றன. ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு நொடி நிற்கக்கூட விடாமல் அடுத்தது வந்துவிடுகிறது.

திரும்பி வருகிறார்களா?

உலகெங்கும் ஒரு சலிப்பு தெரிகிறது. பள்ளிகளைத் திரைமயமாக்குவதில் முன்னணியில் நின்ற சுவீடன், 2023இல் அச்சுப் புத்தகங்களுக்குத் திரும்பியது. பாடப்புத்தகம் வாங்கவென்றே அந்த ஆண்டு 68 கோடி குரோனருக்கு மேல் ஒதுக்கியது. தமிழகத்தில் 2022 முதல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்தும் ஏற்பாட்டை அரசு மேற்கொண்டது. நம் மாவட்டத்திலும் நடக்கிறது. நாஞ்சில் நாட்டில் எழுத்தாளருக்குப் பஞ்சமும் இல்லை. கவிமணியும் சுந்தர ராமசாமியும் நாஞ்சில் நாடனும் ஜெயமோகனும் தோப்பில் முகமது மீரானும் இந்த மண்ணிலிருந்து எழுதியவர்கள். வெளியூர் வாசகர் மதித்து வாங்கும் காலச்சுவடு நூல்கள் நாகர்கோவிலிலிருந்துதான் வெளிவருகின்றன.

திருஅவையிலும் இந்தக் குரல் கேட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17 தேதியிட்டு, இலக்கியம் படிப்பதைப் பற்றியே ஒரு மடல் எழுதினார். முதலில் குருத்துவப் பயிற்சியை மனத்தில் வைத்துத் தொடங்கியதை, எல்லாக் கிறிஸ்தவர்களுக்குமாக விரித்தார். காட்சி ஊடகம் எல்லாவற்றையும் முடித்துக் கையில் தருகிறது. புத்தகமோ படிப்பவரின் கற்பனையையும் நினைவையும் உழைக்கச் சொல்கிறது என்பது அவர் கருத்து. திரை மோகத்துக்கு எதிராக இலக்கிய வாசிப்புக்கு நேரம் ஒதுக்கிய குருமடங்களை அவர் பாராட்டினார். இளம் வயதில், 1960களில், சாந்தா ஃபே நகரப் பள்ளியில் இலக்கியம் கற்பித்த அனுபவத்தையும் அதில் சொல்கிறார்: பாடத்திட்டத்தில் இருந்த பழங்காவியத்தை மாணவர்கள் விரும்பவில்லை, அதை வீட்டில் படிக்கச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய எழுத்தாளர்களைப் பற்றிப் பேசினார். நம் பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் இந்த ஒரு பத்தியையாவது படித்தால் நல்லது. ‘கதைப்புத்தகம் படிக்காதே, பாடம் படி’ என்று சொல்லிச் சொல்லி, புத்தகத்தைப் பிள்ளைகளின் கையிலிருந்து முதலில் பிடுங்கியது செல்போன் அல்லவே.

ஆனால் திரும்புவது என்று நினைத்தவுடன் திரும்பிவிட முடியாது. நாம் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான். மெதுவான ஊடகங்களைக் கேட்பவர்கள் மட்டும் கைவிடவில்லை, நடத்தியவர்களும் கைவிட்டார்கள். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு 2018 ஜூன் மாத இறுதியோடு நிறுத்தப்பட்டது. நிகழ்ச்சிகள் இணையத்துக்குப் போயின. வேரித்தாஸ் தமிழ்ப்பணிக்கு நம் பகுதியில் நேயர்கள் கடிதம் எழுதிய காலம் ஒன்று உண்டு. அஞ்சல் அட்டையில் எழுதி, தங்கள் பெயர் வானொலியில் வாசிக்கப்படும் நாளுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். இணையத்தில் நிகழ்ச்சி இப்போதும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதைக் கேட்கப் போகும் பாட்டி செல்போனைத் திறக்கிறார். திறந்த இடத்தில் அவருக்காகவே முப்பது ரீல்ஸ் காத்திருக்கின்றன. பலசரக்குக் கடைக்குப் போகும் ஒரே வழியில் பத்துச் சாராயக் கடை வைத்தது போல!

வானொலிப் பெட்டியின் பெரிய நன்மை, அதில் வேறொன்றும் இல்லை என்பதுதான். இன்னொன்றும் உண்டு: அது கண்ணைக் கேட்பதில்லை. அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கும் பெண்ணும், வலை பழுதுபார்க்கும் முதியவரும், விடியுமுன் தலையில் விளக்கோடு ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியும் கையை நிறுத்தாமல் வானொலியைக் கேட்கலாம். ரீல்ஸ் பார்க்க வேண்டுமானால் வேலை நிற்க வேண்டும், அல்லது விரல் வெட்டுப்பட வேண்டும். உழைக்கும் மக்களுக்கு உகந்த ஊடகம் எது என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

பங்கில் தொடங்க வேண்டியது

ஒரு பங்கு நினைத்தால் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. பெரிய செலவும் இல்லை. பல பங்குகளில் நூலகம் என்ற பெயரில் ஓர் அலமாரி இருக்கிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. உபதேசியார் பங்குத்தந்தையிடம் என்பார். பங்குத்தந்தை முந்தைய செயலரிடம் என்பார். 1945இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கியபோது நம் நான்கு வட்டங்களும் அந்தத் திருவிதாங்கூரில்தான் இருந்தன. நூலகம் என்பது அரசு வந்து கட்டித் தரும் கட்டடம் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஊர்க்காரர்கள் தாங்களே புத்தகம் சேர்த்து, தாங்களே இரவில் திறந்து வைத்தார்கள். அந்த அலமாரி ஞாயிறு திருப்பலி முடிந்து ஒரு மணி நேரம் திறந்திருந்தால், பத்துப் பிள்ளைகளாவது எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே பழைய வெள்ளிவிழா மலர்கள் மட்டும் இருந்தால் மறுவாரம் வரமாட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் எல்லாரும் செல்போனைக் கீழே வைக்கும் ஒரு நேரம் வேண்டும் என்று அன்பியங்களில் பேசப்படுகிறது. பேசுவது பெரியவர்கள் என்பதால் அது பிள்ளைகளுக்கான தண்டனையாகவே அமைந்துவிடுகிறது. தாயும் தந்தையும் தாத்தாவும் வைத்தால் மட்டுமே அது நடக்கும். கடலிலோ வெளிநாட்டிலோ உள்ளவரின் அழைப்புக்கு மட்டும் விலக்கு. அந்த அழைப்பு வரும்போது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசலாம். மாலைச் செபமாலை சொல்லும் வீடுகளில் இதற்குப் பாதி வழி ஏற்கெனவே போட்டுக் கிடக்கிறது.

இன்னொரு வாய்ப்பை நாம் இதுவரை போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. 2016 ஆகஸ்ட் 15 அன்று பாம்பனில் ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி பண்பலை 90.4இல் தொடங்கியது. மீனவருக்கென்றே, மீனவப் பின்னணியுள்ள இளைஞர்கள் பேசும் நிலையம் அது. கடலின் நிலையையும் காற்றின் நிலையையும் தம் மக்கள் பேசும் தமிழிலேயே சொல்கிறார்கள். கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த சமுதாய வானொலி உரிமம் 2006 நவம்பர் முதல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. குறைந்தது மூன்று ஆண்டு மக்கள் பணியில் இருந்த பதிவு பெற்ற, இலாப நோக்கற்ற அமைப்பு விண்ணப்பிக்கலாம். சொந்தமாகச் செய்தி அறிக்கை ஒலிபரப்ப அனுமதி இல்லை. வானிலை, பேரிடர் எச்சரிக்கை, உடல்நலம், உள்ளூர் விழாக்கள், வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பேசத் தடை இல்லை. 100 வாட் ஆற்றலில் ஒரு நிலையம் எட்டுவது சுமார் 10 கிலோமீட்டர்.

நம் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர் நீளம். ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை முழுவதையும் சென்றடைய நான்கு நிலையங்கள் வேண்டும். தூத்தூர்ப் பகுதியில் கல்லூரி இருக்கிறது, குளச்சலில் துறைமுகம் இருக்கிறது, முட்டத்தில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. பேசத் தெரிந்த இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது சொந்த யூடியூப் அலைவரிசை நடத்தி, பார்வையாளர் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒலிபரப்பை நிறுத்தி, இரவு ஒன்பது மணிக்கு ‘நாளை காலை சந்திப்போம்’ என்று சொல்லிவிட்டுப் போகும் நிலையம் ஒன்றில் அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்க ஆவலாக இருக்கிறது. முதல் விண்ணப்பத்தை எந்த ஊர் எழுதப்போகிறது?